பாலூட்டிய தாய்க்கும் வரலாம்: மார்பகப் புற்றுநோயும் ஹார்மோன்களும் நம் வீடுகளின் மௌனமும்

அல்லாஹ்வின் திருப்பெயரைக் கொண்டு தொடங்குகிறோம்.



தாய்ப்பாலின் சிறப்பைப் பற்றிய செய்திகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகின்றன. பாலூட்டும் காலத்தை நிறைவு செய்ய விரும்புவோருக்கு முழுமையான இரண்டு ஆண்டுகள் என்று அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் குறிப்பிடுவதையும், பாலூட்டுவதால் மார்பகப் புற்றுநோயின் அபாயம் குறைகிறது என்று இன்றைய மருத்துவம் சொல்வதையும் இணைத்து எழுதுகிறார்கள். இவ்விரண்டும் உண்மையே. ஆனால் பல செய்திகள் இத்துடன் நிற்பதில்லை. பால் கொடுத்த தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரவே வராது என்று கடைசியில் ஒரு வரியைச் சேர்த்துவிடுகின்றன.

அந்தக் கடைசி வரி உண்மையன்று. குர்ஆன் சொல்லாத ஒன்றை அது குர்ஆனின் பெயரால் சொல்கிறது. நம் பெண்களுக்கும் அது இரண்டு வகையில் கேடு செய்கிறது. நான்கு பிள்ளைகளுக்குப் பாலூட்டிய ஒரு தாய், தம் மார்பில் கட்டி ஒன்று தட்டுப்படும்போது, நமக்கு அந்த நோய் வராது என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார். நோய் உறுதியான பிறகோ, இவள் பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் பால் கொடுத்தாளா என்ற பேச்சு உறவினர்களிடையே எழுகிறது. முன்னது உயிருக்கு ஆபத்து. பின்னது நோயாளியின் மீது பழி.

நாம் மருத்துவர்கள் அல்லர். பெண் பிள்ளைகளுக்கு மார்க்கக் கல்வி கற்பிப்பவர்கள். ஆயினும் ஹைளு, நிஃபாஸ் சட்டங்களை நடத்தும் இடத்தில் பெண்ணின் உடலைப் பற்றிய கேள்விகள் எழாமல் இருப்பதில்லை. ரமளான் நெருங்கும்போது மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையைப் பற்றிக் கேட்கிறார்கள். உம்மாவுக்கு இந்நோய் வந்தால் மகளுக்கும் வருமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். இக்கேள்விகள் அனைத்துக்கும் பின்னால் இருப்பது ஹார்மோன் என்ற ஒரு சொல். அதைச் சரியாக விளங்கிக்கொண்டால், பொய்யான நம்பிக்கையும் நீங்கும், அநியாயமான பழியும் நீங்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஹார்மோன் என்ன செய்கிறது?

பெண்ணின் சினைப்பைகளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரண்டு ஹார்மோன்கள் முதன்மையாகச் சுரக்கின்றன. பருவம் எய்துவதும், மாதந்தோறும் ஹைளு வருவதும், கரு தங்குவதற்குக் கருப்பை ஆயத்தமாவதும் இவற்றால்தான். மார்பகத்தின் செல்கள் இவற்றின் கட்டளையை ஏற்று ஒவ்வொரு மாதமும் ஓரளவு பெருகி, பின்னர் அடங்குகின்றன. மாதவிடாய்க்கு முன் சிலருக்கு மார்பகம் கனத்து வலிப்பது இதன் வெளிப்பாடாகும்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு முறையும் அதனுள் இருக்கும் மரபுச் செய்தி முழுவதும் படியெடுக்கப்படுகிறது. படியெடுக்கும்போது எப்போதாவது பிழை நேர்கிறது. பெரும்பாலான பிழைகளை உடலே திருத்திவிடுகிறது. திருத்தப்படாமல் எஞ்சும் பிழைகள் பல ஆண்டுகளில் ஒன்றுசேர்ந்து, கட்டுப்பாடின்றிப் பெருகும் செல்லை உருவாக்கக்கூடும். ஆகவே மார்பகச் செல்கள் இந்த ஹார்மோன்களின் ஆளுகையில் எத்தனை ஆண்டுகள் பெருகிக்கொண்டிருந்தன என்பது அபாயத்தைத் தீர்மானிக்கும் காரணங்களுள் ஒன்றாகிறது.

இவ்வறிவு ஒரே நாளில் கிடைத்ததன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மணம் செய்யாது மடங்களில் வாழ்ந்த கன்னியாஸ்திரிகளிடையே இந்நோய் மிகுதியாக இருப்பதைக் குறித்து வைத்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. 1895இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோயோடு வந்த ஓர் இளம் தாயின் சினைப்பைகளை அகற்றினார். கட்டி சுருங்கியது; அப்பெண் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதோ 1929இல்தான். அதன் பிறகு 1950களின் இறுதியில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜனை ஏற்றுக்கொள்ளும் புரதம் செல்லுக்குள் இருப்பதைக் காட்டினார். இன்று அறுவைக்குப் பின் கட்டியைச் சோதிக்கும்போது, அந்தப் புரதம் அதில் உள்ளதா என்று பார்க்கிறார்கள். உலக அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட மார்பகக் கட்டிகளில் அது காணப்படுகிறது. எஞ்சியவை ஈஸ்ட்ரோஜனைச் சாராமல் வளர்பவை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

உலகின் பல நாடுகளில் நடந்த 117 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2012இல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. ஒரு பெண் ஓராண்டு முன்னதாகப் பருவம் எய்தினால் அபாயம் ஏறத்தாழ 5 சதவீதம் கூடுகிறது. மாதவிடாய் நிற்பது ஓராண்டு தள்ளிப்போனால் ஏறத்தாழ 3 சதவீதம் கூடுகிறது. பதினோரு வயதில் வயதுக்கு வந்ததோ, ஐம்பத்து மூன்று வயதில் ஹைளு நின்றதோ எந்தப் பெண்ணின் தேர்வு? அது அவளைப் படைத்தவன் அவள் உடலுக்கு விதித்த காலக்கணக்கு. அபாயத்தைக் கூட்டும் காரணங்களுள் முக்கியமான இவற்றில், பழி சொல்ல எவருக்கும் இடமில்லை.

இனிப் பாலூட்டுதலுக்கு வருவோம். 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து, இந்நோய் கண்ட சுமார் 50,000 பெண்களையும் நோயற்ற சுமார் 97,000 பெண்களையும் ஒப்பிட்ட முடிவு 2002இல் வெளிவந்தது. பாலூட்டிய ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு பேற்றுக்கும் 7 சதவீதம் குறைகிறது என்று அது கண்டது. பாலூட்டும் மாதங்களில் மாதவிடாய்ச் சுழற்சி பலருக்கு நின்றிருக்கிறது. மார்பகச் செல்களும் முழு முதிர்ச்சி அடைகின்றன. குறைவுக்கு இவை காரணங்களாகக் கருதப்படுகின்றன.

இந்தக் கணக்கை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். நான்கு பிள்ளைகளுக்குத் தலா இரண்டு ஆண்டுகள், ஆக எட்டு ஆண்டுகள் ஒரு தாய் பாலூட்டினார் என்று வைத்துக்கொள்வோம். பாலூட்டியதால் மட்டும் கிடைக்கும் குறைவு ஏறத்தாழ 30 சதவீதம். அதாவது, பாலூட்டாதிருந்தால் பத்துப் பெண்களுக்கு வந்திருக்கக்கூடிய நோய், இப்போது ஏழு பெண்களுக்கு வருகிறது. மூவர் காக்கப்பட்டது பெரும் அருட்கொடை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எஞ்சிய ஏழு பேரும் பாலூட்டிய தாய்மார்களே. அவர்களைப் பார்த்து வராது என்று சொன்னவர் யார்? அல்லாஹ் சொல்லவில்லை, அவனுடைய தூதர் (ஸல்) அவர்களும் சொல்லவில்லை. மருத்துவமும் சொல்லவில்லை.

பாலூட்டுவதன் நோக்கம் குழந்தையின் உரிமையை நிறைவேற்றுவது. தாய்க்குக் கிடைக்கும் நன்மை அதனோடு சேர்ந்து வருவது. மார்க்கத்தின் கட்டளைக்கு மதிப்புக் கூட்டுவதாக எண்ணி, மருத்துவத்தில் இல்லாத உறுதியை அதற்குப் பூட்டுவது நன்மையன்று. நாளை பாலூட்டிய பெண்ணுக்கு நோய் வரும்போது, அவளுடைய உடலோடு ஈமானும் சோதனைக்குள்ளாகிறது.

பால் சுரக்காதவர், நோயால் பாலூட்ட இயலாதவர், பிள்ளைப்பேறு இல்லாதவர் ஆகியோரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தை இல்லாத பெண்ணுக்கு இந்நோய் வந்தால், நம்மில் சிலர் அதையும் அவளுடைய குறையாகப் பேசுகிறார்கள். முஃமின்களின் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர்களின் கண்ணியத்தில் அது அணுவளவும் குறைவை ஏற்படுத்தவில்லை. பிள்ளைப்பேறு அல்லாஹ்வின் நாட்டத்தில் உள்ளது என்று ஓதி வளர்ந்த சமுதாயம், நோயுற்ற பெண்ணின் முன் அதை மறந்துவிடக் கூடாது.

வெளியிலிருந்து வரும் ஹார்மோன்கள்

உடலே சுரக்கும் ஹார்மோன் நம் விருப்பத்துக்கு உட்பட்டதன்று. மாத்திரை வடிவில் நாம் உட்கொள்ளும் ஹார்மோன் நம் விருப்பத்துக்கு உட்பட்டது. எனவே இங்கே கேள்வி கேட்கும் பொறுப்பு நமக்கு உண்டு.

மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் உடல் வெப்பம், தூக்கமின்மை முதலியவற்றுக்காக ஹார்மோன் மாத்திரைகள் தரப்படுவதுண்டு. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் எனும் செயற்கை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை பாதிப் பேருக்கும், மருந்தற்ற மாத்திரை மறுபாதிக்கும் கொடுக்கப்பட்டன. 2002 ஜூலையில் அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஓராண்டில் 10,000 பேருக்கு, மருந்தற்ற மாத்திரை பெற்றோரில் 30 பேருக்கும், ஹார்மோன் பெற்றோரில் 38 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்திருந்தது. கருப்பை அகற்றப்பட்ட பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்துப் பார்த்த மற்றோர் ஆய்வில் இந்த அதிகரிப்பு காணப்படவில்லை. எந்த ஹார்மோன், யாருக்கு, எத்தனை ஆண்டுகள் என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது. மருந்துக் கடைக்காரரிடம் பெயர் சொல்லி வாங்கும் பொருளாக இதைக் கருதக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

கருத்தடை மாத்திரைகளைப் பற்றி டென்மார்க்கில் 18 இலட்சம் பெண்களின் பதிவுகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஹார்மோன் கருத்தடையைப் பயன்படுத்துவோரிடம் அபாயம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தது. கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இந்த எண்ணின் பொருள், ஓராண்டில் 7,690 பெண்கள் பயன்படுத்தினால் கூடுதலாக ஒருவருக்கு நோய் வருகிறது என்பதே. இதே மாத்திரைகள் சினைப்பைப் புற்றுநோயின் அபாயத்தைக் குறைக்கின்றன என்பதும் தெரிந்த உண்மை. அச்சமூட்டிப் பரப்பவும் இதில் இடமில்லை. அலட்சியம் செய்யவும் இடமில்லை. குடும்பத்தில் யாருக்கேனும் இந்நோய் இருந்ததா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

ரமளான், ஹஜ், உம்ரா காலங்களில் மாதவிடாயைத் தள்ளிப்போட நம் பெண்கள் வாங்கும் மாத்திரையும் ஒரு ஹார்மோனே. பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் எனும் புரோஜெஸ்டின். சில நாட்கள் உட்கொள்வதால் மார்பகப் புற்றுநோய் வந்துவிடும் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்களும், இரத்தம் உறைந்து கட்டும் நோய் உள்ளவர்களும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. பக்கத்து வீட்டு லாத்தா போட்டார், ஒன்றும் ஆகவில்லை என்பது ஆதாரமாகாது. அவருடைய உடல் வேறு, உங்களுடைய உடல் வேறு.

மார்க்கத்தின் பக்கமிருந்தும் இதைப் பார்ப்போம். ரமளானில் ஹைளு வந்த பெண்ணுக்கு நோன்பு இல்லை. பிறகு களாச் செய்தால் போதும். அந்த நாட்களில் அவள் நோன்பு நோற்காதிருப்பதே மார்க்கத்துக்குக் கீழ்ப்படிதல். முப்பது நோன்பையும் விடாமல் நோற்றுவிட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசைதான். அதற்காக உடலை வருத்தும்படி அல்லாஹ் கேட்கவில்லை. நபி (ஸல்) அவர்களுடன் ஹஜ்ஜுக்குச் சென்ற வழியில் ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மாதவிடாய் வந்து அவர்கள் அழுததும், இது ஆதமுடைய பெண் மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என்று நபியவர்கள் ஆறுதல் கூறி, தவாஃபைத் தவிர மற்றக் கிரியைகளைச் செய்யச் சொன்னதும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. ஹஜ்ஜில் தவாஃபும் பயண நாட்களும் நெருக்கும்போது, உடலுக்குத் தீங்கில்லை என்று மருத்துவர் சொன்னால் மாத்திரை உட்கொள்ள மார்க்க அறிஞர்கள் பலர் அனுமதித்துள்ளனர். தீங்கில்லை என்ற அந்த நிபந்தனை ஃபத்வாவின் ஒரு பகுதி. அனுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிடுவது முறையன்று.

நம் கையில் இருப்பவை

மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பைகள் ஓய்ந்துவிடுகின்றன. ஆனால் ஈஸ்ட்ரோஜன் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. உடலின் கொழுப்புத் திசு வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. எனவே அந்த வயதில் உடல் எடை கூடுவது மார்பகப் புற்றுநோயின் அபாயத்தையும் கூட்டுகிறது. உடலுழைப்பும் நடைப்பயிற்சியும் அதைக் குறைக்கின்றன.

நம் வீடுகளில் ஐம்பதைக் கடந்த உம்மாமார்களின் நாள் எப்படிக் கழிகிறது என்று எண்ணிப் பாருங்கள். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே அவர்களின் நடை முடிந்துவிடுகிறது. கல்யாணம், வலீமா, அகீகா என்று வாரந்தோறும் பிரியாணி. ஃபஜ்ருக்குப் பிறகு அரைமணி நேரம் நடக்க அவர்களுக்குத் துணையாக வர யாருமில்லை. பாதுகாப்பான இடமும் இல்லை. பெண்கள் நடக்கவில்லை என்று குறை சொல்வதற்கு முன், நடப்பதற்கு வழி செய்து கொடுத்தோமா என்று ஆண்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். மனைவியோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை மேடையில் சொல்லி மகிழ்கிறோம். அந்தச் சுன்னத்தில் கொஞ்சத்தையேனும் வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

இத்தனையும் செய்தாலும் நோய் வராது என்ற உறுதி இல்லை. அபாயத்தைக் குறைப்பது ஒன்று. நோயைத் தொடக்கத்திலேயே கண்டுகொள்வது மற்றொன்று. இரண்டாவதில்தான் நம் சமுதாயம் மிகவும் பின்தங்கியுள்ளது.

வெட்கம் எந்த இடத்தில்?

2022இல் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 98,000 பேர் இதனால் இறந்ததாகவும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. தொடக்க நிலையிலேயே சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் பிழைக்கக்கூடிய ஒரு நோயில் இவ்வளவு இறப்புகள் நேர்வதற்கு ஒரு முக்கியக் காரணம், நோய் முற்றிய பிறகு மருத்துவமனைக்கு வருவது.

கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லாததால் பொருட்படுத்துவதில்லை. பாலூட்டும் தாயாக இருந்தால், பால் கட்டிக்கொண்டது என்று சூடு ஒற்றடம் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். பால் கட்டு சில நாட்களில் கரைய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் கரையாத கட்டியை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல் சுருங்குதல் அல்லது குழிவிழுதல், காம்பு புதிதாக உள்ளே இழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகிய எதைக் கண்டாலும் தாமதிக்கக் கூடாது. இவை எல்லாமே புற்றுநோயாக இருக்கும் என்பதில்லை. காட்டப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. காட்டினால்தான் அதுவும் தெரியும்.

ஹயா ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. அந்த ஹயா, அறிவைத் தேடுவதையும் உயிரைக் காப்பதையும் தடுப்பதற்காக வந்ததன்று. உம்மு சுலைம் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பெண்ணுக்கு உறக்கத்தில் ஏற்படுவதைப் பற்றியும் அதற்கான குளிப்பைப் பற்றியும் நேரடியாகக் கேட்டார்கள். நபியவர்கள் விடை கூறினார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள். அந்தக் கேள்விகளால் கிடைத்த சட்டங்களைத்தான் இன்றும் பாடமாக நடத்துகிறோம். பெண் மருத்துவர் இருந்தால் அவரிடம் காட்டுவது. இல்லாதபோது, தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டுவது. ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ள இந்தச் சட்டத்தைப் பெண்களுக்கு எடுத்துச் சொல்லாமல், பெண் மருத்துவர் கிடைக்கும் வரை காத்திருந்து நோயை முற்ற விடுவது பேணுதல் ஆகாது.

மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் நடத்திய ஆய்வு நமக்கு மிகவும் பொருந்துகிறது. 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஒரு பெண்ணின் கையால், திரைக்குப் பின்னால், சில நிமிடங்களில் முடியும் பரிசோதனை. இதில் நம் மார்க்கத்துக்கு முரணானது என்ன இருக்கிறது? 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இப்பரிசோதனைக்கு ஏற்பாடு உள்ளது. ஜமாஅத்துகள் மனம் வைத்தால், பெண்கள் மத்ரஸாக்களிலேயே ஆண்டுக்கு ஒருமுறை பெண் பணியாளர்களை அழைத்து இதை நடத்தலாம்.

மறைப்பதால் யாருக்கு நன்மை?

தாய்க்கு மார்பகப் புற்றுநோய் என்று வெளியே தெரிந்தால் மகளின் சம்பந்தம் தடைப்படும் என்று பல குடும்பங்கள் மறைக்கின்றன. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம் வரையே பரம்பரை மரபணுக் கோளாற்றால் வருபவை. அந்தக் கோளாறும் தாய்வழியாக மட்டுமன்றித் தந்தைவழியாகவும் வரக்கூடியது. மறைப்பதால் இழப்பு அந்த மகளுக்கே. தன் குடும்ப வரலாறு தெரியாமல் அவள் ஹார்மோன் மாத்திரை எடுக்கிறாள். எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்க வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிவதில்லை. பெண் பார்க்க வருகிறவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும். மார்க்கப் பற்றை முதன்மையாகப் பாருங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்க, பெண்ணின் உம்மாவின் மருத்துவச் சீட்டைப் பார்ப்பது என்ன நியாயம்?

சிகிச்சையிலும் ஹார்மோன் அறிவு பயன்படுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்கும் வகைக் கட்டி உள்ளவர்களுக்கு டாமாக்சிபென் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. ஐந்து ஆண்டுகள் அதை உட்கொண்டவர்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. பழைய மருந்து, விலையும் அதிகமில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகள் என்பது நீண்ட காலம். உடல் தேறியது போலத் தோன்றியதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் கருஞ்சீரகம் போதும் என்று நிறுத்துகிறார்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொன்ன அதே நபி (ஸல்) அவர்கள்தான் நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள். துஆவும் ஓதிப்பார்த்தலும் சிகிச்சையோடு சேர்ந்து இருக்கட்டும்; சிகிச்சைக்கு மாற்றாக அவற்றை நிறுத்த வேண்டாம். ரமளானில் மாத்திரையை விட வேண்டியதில்லை. இம்மருந்து பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறை உட்கொள்வதாகையால், இரவில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரைக் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

நோயைத் தண்டனை என்று பேசும் நாவுகளுக்கும் ஒரு சொல். அய்யூப் (அலை) அவர்கள் நீண்ட நோயால் சோதிக்கப்பட்டார்கள். அவர்கள் அல்லாஹ்வின் நபி. அந்த வரலாற்றை ஓதும் நாம், ஒரு பெண்ணின் மார்பில் கட்டி வந்ததும் அவள் என்ன பாவம் செய்தாளோ என்று கேட்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

கணவன்மார்களிடமும் மகன்களிடமும் நாம் வேண்டுவது இதுதான். உங்கள் வீட்டுப் பெண் தயங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வரும்போது காது கொடுங்கள். மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். ஈத் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று நாளைத் தள்ளாதீர்கள். செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மஹல்லாவின் பைத்துல்மாலும் ஜகாத்தும் ஏழை நோயாளிகளுக்கு உரியவை. அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தால், கடைசி வரியை நீக்கிவிட்டு, பாலூட்டிய தாயும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிப் பகிருங்கள்.

நோயுற்றிருக்கும் நம் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும் வல்ல அல்லாஹ் பரிபூரண ஷிஃபாவை வழங்குவானாக. அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தருவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.